கட்டி என்று எழுதப்பட்ட சிரை: கீழ்ப்பெருஞ்சிரைப் புடைப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மாசி மாதம், சேர்வராயன் மலையில் மிளகுப் பறிப்பு முடியும் தறுவாயில், 34 வயதான தோட்டத் தொழிலாளி ஒருவர் வலது கால் முழுவதும் வீங்கிய நிலையில் சேலத்தில் நாங்கள் பணியாற்றும் மருத்துவமனைக்கு வந்தார். ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் வழியில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளுக்கு ஏணி சாத்தி ஏறிப் பறிப்பது அவருடைய வேலை. 9 நாட்களுக்கு முன் கெண்டைச் சதையில் இறுக்கமாகத் தொடங்கிய தொல்லை நான்காம் நாள் தொடை வரை ஏறிவிட்டது. முசுறு கடித்த வீக்கம் என்று எண்ணி வீட்டில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். அது வடியாமல் போனபோது, பக்கத்து வீட்டார் யானைக்கால் என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். காலை நீட்டி வைக்க இடமில்லாத பேருந்தில் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, தாயின் தோளைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

“காலு கல்லு கட்டுன மாதிரி கனக்குதுங்க. ரெண்டு நாளா வீட்டு மேட்டுல ஏறுனாலே மூச்சு வாங்குதுங்க” என்றார். இரண்டாவது வாக்கியத்தை அவர் ஏதோ போகிற போக்கில் சொன்னார். எங்களுக்கு அதுதான் அவசரமாகப் பட்டது.

அவருக்கு இருந்தது, கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு செல்லும் கீழ்ப்பெருஞ்சிரையின் பக்கச் சுவர், சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே பை போலப் புடைத்து, அந்தப் பைக்குள் இரத்தம் உறைந்து நின்ற நிலை. தமனிகளில் இத்தகைய புடைப்பு ஏற்படுவது மருத்துவர்களுக்குப் பழகிய செய்தி. அனூரிசம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பெருந்தமனியைத்தான் நினைப்போம். வயிற்றின் பெரிய சிரைகளில் அது தோன்றுவது மிக அரிது. அரிதாக இருப்பதாலேயே கண்ணெதிரே இருந்தும் அடையாளம் தெரியாமல் போகிறது. இந்த நோயாளியின் முதல் சி.டி. அறிக்கையில் அதை நிணநீர்க் கணுக்களின் கட்டி என்று எழுதியவன் நான்தான். ஊசி குத்தித் திசு எடுக்கும் மேசை வரை அவரைக் கொண்டு சென்றதும் அந்த அறிக்கைதான். நோயாளியின் ஒப்புதலுடன், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

வந்தபோது இருந்த நிலை

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 104, இரத்த அழுத்தம் 118/76, விரல்நுனி ஆக்சிஜன் அளவு 96 விழுக்காடு, உடல் எடை 58 கிலோ. வலது கெண்டையின் சுற்றளவு இடதைவிட 5 செ.மீ. கூடுதலாக இருந்தது; அழுத்தினால் குழி விழுந்தது; தொடையின் உட்புறத்தில் தொட்டாலே வலித்தது. காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை, நீடித்த இருமல் எதுவும் இல்லை. கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டவில்லை. அண்மையில் அறுவைச் சிகிச்சையோ, எலும்பு முறிவோ, வயிற்றில் அடிபட்ட நிகழ்வோ, தொடை இடுக்கில் குழாய் செலுத்திய சிகிச்சையோ கிடையாது. குடும்பத்தில் யாருக்கும் இரத்தக் கட்டு வந்ததாகத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து பீடி பிடிப்பார்.

ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பதற்கான வாய்ப்பு இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது, டி-டைமர் என்ற இரத்தச் சோதனைக்குக் காத்திருப்பதில் பொருள் இல்லை. நேராக, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் செய்தோம். வலது முழங்கால் பின்குழிச் சிரை, தொடைச் சிரை, இடுப்பில் உள்ள வெளி இலியாக் சிரை மூன்றும் உறைந்த இரத்தத்தால் நிரம்பி, கருவியால் அழுத்தியும் மடங்காமல் நின்றன. நுரையீரல் தமனிகளுக்கான சி.டி. படத்தில் வலது கீழ் மடலின் இரண்டு சிறு கிளைகளில் அடைப்பு தெரிந்தது. எதிரொலி இதயப் படத்தில் வலது கீழறை விரியவில்லை. மூவிதழ் வால்வில் கசிவும் இல்லை. உறைதடுப்பு மருந்தான எனாக்ஸாபாரின் 60 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று அன்றே தொடங்கப்பட்டது.

இந்த இடத்தில் நாங்கள் சற்று நின்று யோசித்திருக்க வேண்டும். இலியாக் சிரை வரை ஏறும் உறைவு, காரணம் ஏதுமின்றித் தோன்றும்போது, பெரும்பாலும் இடது காலில்தான் வரும். வலது பொது இலியாக் தமனி இடது பொது இலியாக் சிரையின் மேல் குறுக்கே சென்று, அதை முதுகெலும்போடு சேர்த்து அழுத்துவதுதான் அதற்குக் காரணம். வலது சிரைக்கு அந்த நெருக்கடி இல்லை. 34 வயதில், தூண்டுதல் ஏதுமின்றி, வலது புறத்தில் உறைவு இவ்வளவு உயரம் ஏறியிருந்தால், அதற்கு மேலே கீழ்ப்பெருஞ்சிரையில் பிறவிக் குறையோ, புடைப்போ, வெளியிலிருந்து அழுத்தமோ உண்டா என்று தேடியாக வேண்டும். தேடினோம் என்பதும் உண்மைதான். ஆனால் கண்ணில் பட்ட முதல் விடையோடு தேடலை நிறுத்திக்கொண்டோம்.

கதை பொருந்திப்போன விதம்

வயிற்று அல்ட்ராசவுண்டில் பெருந்தமனிக்கு வலப்புறம், முதுகெலும்பை ஒட்டி, 5.8 செ.மீ. நீளமும் 4.6 செ.மீ. அகலமும் கொண்ட கருநிற உருண்டை ஒன்று தெரிந்தது. குடல் வாயு பாதி மறைத்தது. வண்ண டாப்ளரில் அதற்குள் ஓட்டம் எதுவும் தென்படவில்லை. வயிற்றுத் தமனிகளைப் பார்ப்பதற்கென வைத்திருந்த வேக அளவிலேயே பார்த்தோம் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து வயிற்று சி.டி. எடுத்தோம். படத்தில் இரத்தத்தை ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்து முழங்கைச் சிரை வழியே செலுத்தப்பட்டு, 30ஆம் நொடியில் தமனிக் கட்டப் படமும், 70ஆம் நொடியில், குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக்கான கட்டப் படமும் எடுக்கப்பட்டன. வயிற்று வலிக்கும் கல்லீரல் கட்டிக்கும் இந்த இரண்டும் போதும். நாள்தோறும் எங்கள் நிலையத்தில் இதுவே வழக்கம். மருந்தில்லாத படத்தில் அந்த உருண்டையின் அடர்த்தி, சி.டி.யின் அளவுகோலான ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் 43. 70ஆம் நொடியில் 46. அதாவது, மருந்தை அது ஏற்கவே இல்லை. நான் எழுதிய முடிவு இப்படி இருந்தது: பின்வயிற்றில் நிணநீர்க் கணுக்கள் திரண்ட கட்டி, காசநோயாகவோ லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாகவோ இருக்கலாம், கீழ்ப்பெருஞ்சிரை அதனால் நசுங்கியுள்ளது, திசுச் சோதனை செய்க.

எழுதி முடித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டி சிரையை அழுத்துகிறது, அழுத்திய சிரையில் இரத்தம் தேங்கி உறைகிறது, உறைந்தது உடைந்து நுரையீரலுக்குப் போகிறது என்று எல்லாம் ஒரே நூலில் கோத்தது போல அமைந்துவிட்டன. காசநோய்க் கணுக்களை மாதந்தோறும் பார்க்கும் ஊரில் அந்த முடிவை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அதே படங்களை இன்று எடுத்து வைத்துப் பார்க்கும்போது மூன்று அடையாளங்கள் தெரிகின்றன. முதலாவது, லிம்ஃபோமாக் கணு 70ஆம் நொடியில் ஓரளவேனும் மருந்தை ஏற்கும். காசநோய்க் கணுவின் நடுப்பகுதி அழுகியிருந்தாலும் விளிம்பு வளையம் போல ஒளிரும். இங்கே இரண்டும் இல்லை. இரண்டாவது, உருண்டையின் மேல் விளிம்பில் சிரையின் சுவர் இடைவெளியே இல்லாமல் உருண்டையின் சுவராகவே தொடர்ந்தது. இரண்டுக்கும் நடுவே கொழுப்புக் கோடு எங்கும் இல்லை. மூன்றாவதுதான் என்னை இன்றும் உறுத்துவது: அதே 70ஆம் நொடிப் படத்தில், சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே இருந்த கீழ்ப்பெருஞ்சிரையின் அடர்த்தி 44. பக்கத்தில் கட்டி என்று நான் எழுதியதன் அடர்த்தி 46. இரண்டிலும் இருந்தது ஒரே இரத்தம். மருந்து இன்னும் வந்து சேராத இரத்தம்.

இதன் காரணம் எளிது. முழங்கையில் செலுத்திய மருந்து இதயத்துக்குப் போய், தமனிகள் வழியே இறங்கி, உறுப்புகளைச் சுற்றித் திரும்ப வேண்டும். சிறுநீரகத்தில் இந்தச் சுற்று மிக விரைவில் முடிந்துவிடும். அரை நிமிடத்திலேயே சிறுநீரகச் சிரைகள் ஒளிரும். கால்களிலிருந்து திரும்பும் இரத்தமோ நெடுவழி வருகிறது. ஆகவே 70ஆம் நொடியில் சிறுநீரகச் சிரைகளுக்கு மேலே உள்ள கீழ்ப்பெருஞ்சிரை ஒளிர்ந்தும், கீழே உள்ள பகுதி மங்கியும், இரண்டும் கலக்கும் இடத்தில் புகை போலவும் தெரியும். அந்தக் கலப்பை இரத்தக் கட்டு என்று தவறாக வாசிப்பது எந்தப் பயிற்சி மருத்துவருக்கும் முதல் ஆண்டிலேயே சொல்லித்தரப்படும் எச்சரிக்கை. அதே நிகழ்வின் மறுபக்கத்தை, அதாவது ஓட்டமுள்ள ஒரு பை உயிரற்ற கட்டி போலத் தோன்றக்கூடும் என்பதை, யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை; நானும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

ஊசி மேசையில்

திசு எடுப்பதற்காக எனாக்ஸாபாரினை 24 மணி நேரம் நிறுத்தி, சி.டி. அறைக்கு அவரை அழைத்து வந்தோம். முதுகுப்புறமாக ஊசியைச் செலுத்துவது திட்டம். குப்புறப் படுக்க வைப்பதற்கு முன், முன்புறத்திலிருந்து செல்வது எளிதாக இருக்குமா, வழியில் குடல் கிடக்கிறதா என்று பார்ப்பதற்காக அல்ட்ராசவுண்ட் கருவியை வயிற்றில் வைத்தேன். முந்தைய இரவிலிருந்து அவர் எதுவும் உண்ணாததால் வாயு குறைந்து, படம் தெளிவாக இருந்தது.

கருவியைச் சற்று அழுத்தியபோது உருண்டை தட்டையானது. மெலிந்த உடம்பில் நாலைந்து செ.மீ. ஆழத்தில் இருக்கும் கணுக்கட்டி அழுத்தினால் நகரும்; தட்டையாகாது. “தம்பி, மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சு, வயித்த முக்குங்க” என்றேன். உருண்டையின் அகலம் 4.1 செ.மீ.யிலிருந்து 4.9 செ.மீ. ஆகியது. மூச்சை விடச் சொன்னதும் பழைய அளவுக்கு இறங்கியது. மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் அப்படியே. முக்கும்போது விரிவது சிரை; கணுக்கட்டி அன்று.

டாப்ளரின் வேக அளவை நொடிக்கு 5 செ.மீ. வரை இறக்கி, மெல்லிய ஓட்டங்களை வடிகட்டி நீக்கும் அமைப்பையும் குறைத்தபோது, உருண்டையின் முன்பாதியில் சிவப்பும் நீலமுமாக ஒரு சுழல் மெதுவாகத் திரும்புவது தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் படத்திலேயே, ஊதுவத்திப் புகை போல இரத்தம் நகர்வதைக் காண முடிந்தது. பின்பாதியில் அசைவில்லாத உறைவு. தட்டில் எடுத்து வைத்திருந்த ஊசியை உறை பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினோம். அன்று மாலையே எனாக்ஸாபாரின் மீண்டும் தொடங்கியது.

அந்த ஊசி உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சிரையில் அழுத்தம் குறைவு என்பதால் மெல்லிய ஊசிக் குத்து தானே அடைபட்டிருக்கவும் கூடும். ஆனால் மெலிந்த சுவருள்ள பையைக் குத்திவிட்டு, அதே நாளில் இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் உள்ள ஒருவரின் பின்வயிற்றில் எவ்வளவு இரத்தம் சேரும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. உறைவின் ஒரு துண்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு அதற்கு மேல்.

உறுதிப்படுத்தியது

மறுநாள், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் 0.8 மி.கி. என்று பார்த்த பிறகு, சி.டி.யை மீண்டும் எடுத்தோம். இம்முறை 120ஆம் நொடியிலும் 180ஆம் நொடியிலும். 120இல் பைக்குள் மருந்து ஓரமாக நுழையத் தொடங்கியிருந்தது. 180இல் முன்பாதி முழுவதும் கீழ்ப்பெருஞ்சிரைக்கு இணையாக ஒளிர்ந்தது. பின்சுவரை ஒட்டிப் பிறை வடிவில் உறைவு தெளிவாகப் பிரிந்து நின்றது. கீழ்ப்பெருஞ்சிரையின் வலது முன்பக்கச் சுவரிலிருந்து, வலது சிறுநீரகச் சிரைக்கு 2.5 செ.மீ. கீழே, 1.6 செ.மீ. அகலக் கழுத்துடன் பை புறப்பட்டது. அதன் அளவு 5.9 × 4.8 × 4.2 செ.மீ. உறைவின் வால் வலது பொது இலியாக் சிரை வரை இறங்கி, காலில் இருந்த உறைவோடு சேர்ந்தது. கல்லீரல் சிரைகளும் அவற்றுக்கு மேலே உள்ள பகுதியும் இயல்பாக இருந்தன. இடப்புறத்தில் இரண்டாவது பெருஞ்சிரை இல்லை. மார்பின் பின்புறமுள்ள அசைகஸ் சிரை பெருக்கவில்லை.

கால் பாதச் சிரையில் நீர்த்த மருந்தைச் செலுத்திக் கீழிருந்து மேலாகப் படம் எடுக்கும் முறை ஒன்றும் உண்டு. அதில் கலப்புப் புகை பெரிதும் குறையும். வீங்கிய காலில் ஊசி போட இடம் கிடைக்காததால் நாங்கள் அதை முயலவில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்ததற்குக் காரணம் வேறு. கீழ்ப்பெருஞ்சிரையின் சுவரிலேயே தோன்றும் லெயோமையோசார்கோமா என்ற புற்றுநோய், சிரையை விரித்து, உள்ளே உறைவோடு கலந்து நின்று, புடைப்பு போலவே வேடமிடக்கூடும். அது பெண்களிடம், ஐம்பது வயதை ஒட்டி, சிறுநீரகச் சிரைகளுக்கும் கல்லீரல் சிரைகளுக்கும் இடைப்பட்ட நடுப்பகுதியில் அதிகம் காணப்படுவது. நம் நோயாளிக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றாலும், ஒரு முறை கதையின் பொருத்தத்தை நம்பி ஏமாந்தவன் இரண்டாம் முறையும் அதையே நம்பக் கூடாது. பார்க்க வேண்டியது, உறைவு மருந்தை ஏற்கிறதா என்பது. வெறும் உறைவு ஏற்காது, புற்று ஏற்கும். சி.டி.யில் உறைவின் அடர்த்தி மருந்துக்கு முன் 52, பின் 54, எம்.ஆர்.ஐ.யிலும் ஒளிர்வு இல்லை, சுவர் எங்கும் தடிக்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் ஓட்டத்தை மட்டும் நம்பிப் படம் தரும் பழைய முறை, இப்படிச் சுழன்று தேங்கும் இரத்தத்தையும் உறைவு போலக் கறுப்பாகவே காட்டிவிடும். ஓட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீர்ம இரத்தத்தை வெண்மையாகக் காட்டும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொழில்நுட்பரிடம் வெறுமனே “சிரைப் படம்” என்று எழுதிக் கொடுத்தால் எது வருமென்று சொல்ல முடியாது.

விலக்க வேண்டியவை இன்னும் சில இருந்தன. தமனியும் சிரையும் இடையில் இணைந்துவிட்டால் சிரை புடைக்கும். அப்படியானால் 30ஆம் நொடியிலேயே பை ஒளிர்ந்திருக்கும், டாப்ளரில் தமனித் துடிப்பு கேட்கும். அடிபட்ட பின் தோன்றும் பொய்ப்புடைப்புக்கு வரலாறு இல்லை. வலது இதயம் தளர்ந்தால் கீழ்ப்பெருஞ்சிரை நெடுகிலும் ஒரே சீராக விரியும். ஓரிடத்தில் மட்டும் பை போடாது. பாராகேங்க்ளியோமா என்ற கட்டி தமனிக் கட்டத்தில் கொழுந்துவிட்டு ஒளிர்வது. அதை அறியாமல் குத்தினால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். இங்கே அதற்கு இடமில்லை. ஆனாலும் பின்வயிற்றில் எதையும் குத்துவதற்கு முன் அது நினைவுக்கு வர வேண்டும்.

வகையும் தோற்றமும்

கிராட்மேன், ஸ்டைன்பெர்க் இருவரும் 1993இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. கல்லீரல் சிரைகளுக்கு மேலே, தடை ஏதுமின்றி அமையும் புடைப்பு முதல் வகை. கல்லீரல் சிரைகளுக்கு மேலோ கீழோ பெருஞ்சிரை இடையில் அறுபட்டிருக்க, அதோடு சேர்ந்து வருவது இரண்டாம் வகை. பிற சிரைக் குறைகள் இன்றிச் சிறுநீரகச் சிரைகளுக்குக் கீழே தோன்றுவது மூன்றாம் வகை. இவற்றில் அடங்காதவை நான்காம் வகை. நம் நோயாளி மூன்றாம் வகை. முதல் வகையைப் படத்தால் தொடர்ந்து கண்காணித்து வரலாம். மற்றவற்றில் உறைவும் நுரையீரல் அடைப்பும் வரும் ஆபத்து கூடுதல் என்பதால் இந்தப் பிரிவினை வெறும் ஏட்டுக் கணக்காக நிற்பதில்லை.

கரு உருவாகும் 6ஆம் வாரத்திலிருந்து சில வாரங்களுக்குள், மூன்று ஜோடிச் சிரைகள் தோன்றி, இணைந்து, பெரும்பகுதி மறைந்து, கடைசியில் ஒரே கீழ்ப்பெருஞ்சிரை எஞ்சுகிறது. சிறுநீரகங்களுக்குக் கீழ்ப்பட்ட பகுதி, அவற்றில் ஒன்றான வலது மேல்கார்டினல் சிரையின் எச்சம். மறைய வேண்டிய துண்டு முழுதும் மறையாமல் நின்றாலோ, ஒட்டிய இடத்தில் சுவர் மெலிந்திருந்தாலோ, அங்கே பிற்காலத்தில் புடைக்கலாம் என்பது பொதுவான கருத்து. ஆண்டுக்கணக்கில் ஏணியில் நின்று, மூச்சைப் பிடித்துக் கூடை தூக்கியது அந்த மெலிந்த இடத்தை மேலும் விரித்ததா என்று நோயாளியின் தாய் கேட்டார். இருக்கலாம் என்பதற்கு மேல் எங்களால் சொல்ல முடியவில்லை.

வயிற்றின் மற்றொரு பெரிய சிரையான போர்ட்டல் சிரையிலும் புடைப்பு வருவதுண்டு. உள்ளுறுப்புச் சிரைகளில் அதுவே அதிகம் பதிவாகியிருப்பது. 1956இல் பார்சிலாயும் கிளெக்னரும் அதை முதலில் விவரித்தபோது, உடைந்த புடைப்பிலிருந்து இரத்தம் பித்தப்பைக்குள் நிரம்பியிருந்தது. இயல்பான போர்ட்டல் சிரை 15 மி.மீ.க்குள்ளும், கல்லீரல் சுருங்கியவர்களிடம் 19 மி.மீ. வரையிலும் இருக்கும்; 20 மி.மீ.யைத் தாண்டினால் புடைப்பு என்று கொள்வது வழக்கம். கணையத் தலைக் கட்டி என்று அனுப்பப்பட்டு, டாப்ளரில் போர்ட்டல் சிரைப் புடைப்பாக முடிந்த ஒருவரை முன்பு பார்த்திருக்கிறேன். அங்கே அடையாளம் காண்பது எளிது, ஏனெனில் 70ஆம் நொடி என்பதே போர்ட்டல் சிரை மிகத் தெளிவாக ஒளிரும் நேரம். ஒரு சிரைக்கு விளக்கேற்றும் அதே நொடியில் மற்றொன்று இருட்டில் இருக்கிறது.

சிகிச்சை

படத்தில் விடை கிடைத்த பிறகு வார்டில் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. புற்றுநோயாக இருக்கலாம் என்று நாங்கள் சொல்லியிருந்த குடும்பத்திடம் கட்டியே இல்லை என்று சொன்னபோது மகிழ்ந்தார்கள். அடுத்த வாக்கியத்திலேயே அறுவைச் சிகிச்சை என்றதும் முகம் மாறியது. “கட்டி இல்லீங்கறீங்க, அப்பறம் எதுக்குங்க ஐயா ஆபரேசன்?” என்று தாய் கேட்டது நியாயமான கேள்வி. மலை ஓடைக்குப் பக்கத்தில் மடு இருந்தால் தண்ணீர் சுழன்று சருகு சேரும், சேர்ந்த சருகு மழைக்குக் கிளம்பிப் போய்க் கீழே மதகை அடைக்கும் என்று இளம் மருத்துவர் ஒருவர் விளக்கினார். ஓடையோரத்தில் வாழ்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மருந்து மட்டும் போதுமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. சிறிய, உறைவில்லாத, தற்செயலாகத் தெரியவந்த புடைப்புகளை ஆண்டுதோறும் படம் எடுத்துக் கண்காணிப்பதில் தவறில்லை. இவருக்குப் பையில் உறைவு, காலில் உறைவு, நுரையீரலில் அடைப்பு மூன்றும் வந்துவிட்டன; வயதோ 34. பை இருக்கும் வரை உறைதடுப்பு மருந்தை நிறுத்த முடியாது. மரம் ஏறுபவருக்கு ஆயுள் முழுவதும் அந்த மருந்து என்பதும் சிறு செய்தி அன்று. 5 வாரம் மருந்து கொடுத்துக் கால் உறைவு அடங்கிய பின், பங்குனிக் கடைசியில் அறுவை நடந்தது. சிரைக்குள் தற்காலிக வடிகட்டி வைப்பது பற்றிப் பேசினோம். பைக்கும் சிறுநீரகச் சிரைகளுக்கும் இடையில் இடம் குறைவு என்பதால், அதற்குப் பதில் பையைத் தொடுவதற்கு முன்பே அதற்கு மேலே சிரையைப் பிடித்துக்கொள்வது என்று இரத்தநாள அறுவை மருத்துவர் முடிவு செய்தார். வலப்புறப் பெருங்குடலையும் முன்சிறுகுடலையும் இடப்பக்கமாக ஒதுக்கி, மேலும் கீழும் கவ்விகள் பூட்டி, பையைத் திறந்து உறைவை எடுத்து, பையைக் கழுத்தோடு வெட்டி நீக்கி, சிரையின் பக்கச் சுவர் 5-0 பாலிபுரொப்பிலீன் நூலால் தைக்கப்பட்டது. திசு ஆய்வில் சிரைச் சுவரின் மூன்று அடுக்குகளும் மெலிந்து காணப்பட்டன, தசை நார்கள் குறைந்து அங்கே நாரிழையம் நிரம்பியிருந்தது, மீள்நார்கள் துண்டுபட்டிருந்தன. மூன்று அடுக்குகளும் இருந்ததால் இது உண்மைப் புடைப்பு. புற்றோ காசநோய்க் குறியோ இல்லை.

இரத்தம் உறையும் தன்மைக்கான சோதனைகளில், உறைவைக் கட்டுப்படுத்தும் புரதம் எஸ் முதலில் குறைவாக வந்தது. உறைவு புதிதாக இருக்கும்போது அது தானாகவே குறையும் என்பதால் அதை நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை. மருந்து நிறுத்திய பின் மீண்டும் பார்த்தபோது இயல்பாக இருந்தது. உறைவைத் தூண்டக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் இரு முறையும் இல்லை.

தொடர் கவனிப்பு

உறைதடுப்பு மருந்து அறுவைக்குப் பின் 6 மாதம் தொடர்ந்தது. ஆறாம் மாதத்தில் 180ஆம் நொடிப் படத்தில் பை இல்லை; தைத்த இடத்தில் சிரை லேசாகக் குறுகியிருந்தது, ஓட்டத்துக்குத் தடை இல்லை. வலது இலியாக் சிரை பெரும்பாலும் திறந்துவிட்டது. தொடைச் சிரையில் வடு உள்ளது. வலது கெண்டை இன்னும் 1.5 செ.மீ. பெரிது. அழுத்தக் காலுறையை ஒழுங்காக அணிகிறார். சேலத்து வெயிலில் எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். மலைக்குளிர் இதில் இவருக்கு உதவியது. தோட்டத்தில் ஏணி வேலையை விட்டுவிட்டு, களத்தில் மிளகு காயவைத்து எடை போடும் வேலைக்கு மாறியிருக்கிறார்.

எங்கள் நிலையத்தில், இலியாக் சிரை வரை ஏறிய உறைவுக்காக வயிற்று சி.டி. எடுக்கும்போது, 120ஆம் நொடிப் படத்தையும் சேர்த்தே எடுக்கிறோம். தேவைப்பட்டால் 180ஆம் நொடிப் படத்தையும் எடுக்கிறோம். கூடுதல் கதிர்வீச்சு என்ற எதிர்ப்பு எழுந்தது. தமனிக் கட்டப் படத்தைத் தேவையுள்ளோருக்கு மட்டும் என்று குறைத்து அதை ஈடு செய்தோம். பின்வயிற்றுக் கட்டிக்கு ஊசி போடுமுன் அல்ட்ராசவுண்டில் முக்கச் சொல்லிப் பார்த்தாயிற்றா என்று ஒரு வரி, ஒப்புதல் படிவத்துடன் இணைக்கும் தாளில் சேர்ந்துள்ளது.

ஓராண்டு கழித்து, அடுத்த மிளகுப் பருவத்தில் அவர் பரிசோதனைக்கு வந்தார். கருவியை வயிற்றில் வைத்ததும், நான் வாய் திறப்பதற்கு முன்பே அவரே மூச்சை இழுத்துப் பிடித்து முக்கினார். கீழ்ப்பெருஞ்சிரை 1.7 செ.மீ.யிலிருந்து 2.0 செ.மீ. ஆகி, மூச்சை விட்டதும் பழையபடி இறங்கியது.